கல்லில் பெயர் இல்லாத இருசப்பன்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோலாலம்பூர் தேசிய நினைவுச்சின்னத்துக்கு அழைத்துப்போய்ப் போர் வரலாறு சொல்லிக்கொடுப்பது என் யோசனை. அதில் ஒரு கல்யாணப் பஞ்சாயத்தைக் கொண்டுவந்து சொருகியவர் எங்கள் தலைமையாசிரியர் சிவானந்தம். அந்த மனிதருக்குச் சண்டை என்றாலே ஆகாது. ஜப்பான்காரன் சண்டையானாலும் சரி, தோட்டத்துச் சண்டையானாலும் சரி.

பஞ்சாயத்து இதுதான். கோலசிலாங்கூருக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வள்ளியம்மா என்று ஒருவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத நேரத்தில் அவர் புருஷன் இருசப்பனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். போனவர் திரும்பவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை, சேதி கொண்டுவந்தவரும் இல்லை. எந்தத் தேதியை வைத்துக் கருமாதி செய்வது? ஆகவே வள்ளியம்மா தாலியோடும் பொட்டோடும் அப்படியே இருந்துவிட்டார், நாற்பது வருஷத்துக்கு மேலாக. பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். செத்துப்போன தம்பியின் மகள் லீலாவதியைத் தன் பிள்ளையாக வளர்த்தார். தோட்டத்தில் யாரும் அவர் பொட்டைப் பற்றி வாய் திறந்ததில்லை.

எண்பத்தைந்தில் லீலாவதிக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் பாலன் தங்கமானவன். அவனைப் பெற்ற செல்லன்தான் தலைவலி. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை, போதாததற்குக் கோயில் தலைவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டும்.

"தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குப் போறப்ப சுமங்கலிங்கதான் தொடணும். இந்தம்மா சுமங்கலியா இல்லியா? புருசன் இருக்காரா, செத்தாரா? அத முடிவு பண்ணிட்டு மணவறை ஏறச் சொல்லுங்க," என்றார்.

"வளத்தவங்க ஏறாம வேற யாரு ஏறுறது?" என்று நான் எகிறினேன்.

"சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குலா, டீச்சர்."

சம்பிரதாயமாம்! இத்தனை வருஷமாக அந்த அம்மா கோயிலில் போட்ட கோலத்தை இவர் மிதித்துக்கொண்டு போனபோது இந்தச் சம்பிரதாயம் எங்கே தூங்கியது? நான் அதைக் கேட்பதற்குள் சிவானந்தம் சார் கையை உயர்த்தினார்.

"சண்டையில செத்தவங்களுக்குக் கோலாலம்பூர்ல கல்லு வச்சிருக்காங்க. பேரெல்லாம் வெட்டியிருக்கு. டீச்சர் பிள்ளைங்கள அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. வள்ளியம்மாவும் போகட்டும், தலைவரும் போகட்டும். பேரு இருந்தா அவரு செத்துட்டாரு. இல்லன்னா உசுரோட இருக்காரு. சரிதானே?"

"சரி," என்றார் செல்லன். சண்டையில் செத்தவன் பெயர் அந்தக் கல்லை விட்டு வேறு எங்கே போகும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வள்ளியம்மாவும் தலையை ஆட்டினார். நான் பாடம் நடத்தப் போகிற இடத்தைச் சாவுப் பதிவு ஆபீஸாக்கிவிட்டார்களே!

இஜோக் வழியாகப் பஸ் போனது. பிள்ளைகள் புளிச்சோற்றைப் பாதி வழியிலேயே காலி செய்துவிட்டார்கள். செல்லன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வள்ளியம்மா ஒரு துணிப்பையை மடியில் வைத்து வழிநெடுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நினைவுச்சின்னத்தில் இறங்கியதும் பாதிப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். "கோயில் இல்லடா, போட்டுக்குங்க," என்று கத்தினேன். வெண்கல வீரர்களைக் காட்டினேன். ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியது, சிங்கப்பூர் விழுந்தது, பிறகு கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலம், எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் யார் கேட்டார்கள்? பிள்ளைகளின் கண்ணெல்லாம் வெட்டிவைத்த எழுத்துகளின் மேலேயே இருந்தது. இருசப்பன் பெயரைக் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்று செல்லன் சொல்லிவைத்திருந்தார்.

பாடம் முடிந்ததும் தேடுதல் வேட்டை ஆரம்பித்தது. செல்லனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே போனார்.

"இது என்னா பேரு?"

"வில்லியம், தலைவரே."

"இது?"

"இதுவும் வில்லியம்தான்."

"ஆண்டவனே, நல்லா பாருங்கடா! இருசப்பன்னு இருக்கும்."

இல்லை. வெள்ளைக்காரப் பெயர்கள் இருந்தன, வருஷங்கள் இருந்தன, பட்டாளத்தின் பெயர்கள் இருந்தன. இருசப்பன் இல்லை. சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்கு வேறு கல் ஏதாவது உண்டா என்று காவல்காரரிடம் மலாயில் கேட்டேன். நல்ல மனிதர், யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அவர்கள் பட்டாளத்துக்காரர்கள் இல்லையே, வேலைக்குப் போனவர்கள்தானே, 'சிக்கு' என்றார். டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப இருசப்பன் தாத்தா சாவலையா டீச்சர்?" என்று பிள்ளைகளில் ஒரு பெண் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "கேட்டீங்களா தலைவரே? உங்க சட்டப்படி இருசப்பன் நல்லா இருக்காரு. சம்மந்தி வரலன்னு கல்யாணத்துல கோவிச்சுக்காதீங்க."

"அது எப்படி டீச்சர், சயாமுக்குப் போன ஆளு..."

"சரின்னு சொன்னது நீங்கதானே?"

செல்லன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைக்காரன் சர்க்காரும் நம் சர்க்காரும் செத்ததாகக் கல்லில் வெட்டாத ஆளை அவர் எப்படிச் சாகடிப்பார்? பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்த செய்தியைச் சொல்ல வள்ளியம்மாவைத் தேடினேன். மர நிழலில் உட்கார்ந்திருந்தார். பை திறந்திருந்தது. உள்ளே ஒரு தேங்காய், சூடம், புதுசாக மடித்த வெள்ளைச் சேலை.

"இது எதுக்கும்மா?"

"பேரு இருந்தா இங்கயே சூடம் கொளுத்தி, தாலியக் கழட்டிட்டு, இத உடுத்திக்கிட்டு வந்துடலாம்னு கொண்டாந்தேன்."

"அப்ப மணவறை?"

"அது கெடக்கு டீச்சர். கீழ நின்னு பாத்தா எம்புள்ள எனக்குத் தெரியாதா? அவரு செத்துட்டாருன்னு யாராச்சும் ஒருத்தரு சொல்லணும்லா. இம்புட்டுப் பெரிய கல்லு. ஒருத்தரும் சொல்லலையே."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதன்மேல் கோபப்படுவது? கல்லின்மேலா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். 'இருசப்பன் தாத்தா போரில் இறக்கவில்லை, ஏனென்றால் அவர் பெயர் கல்லில் இல்லை' என்று அங்கே கேள்வி கேட்ட அந்தப் பெண் எழுதியிருந்தாள். காரணம் சொல்லி எழுதினால்தான் வரலாறு என்று கற்பித்ததே நான்தான். முழு மார்க் போட்டேன், வேறென்ன செய்வது?

கல்யாணத்தன்று வள்ளியம்மா ஊதாச் சேலையும் தலை நிறையப் பூவுமாக மணவறையில் நின்றார். தாலித் தட்டை அவர் முன்னால் செல்லனே நீட்டினார். "தொடுங்கம்மா," என்ற குரலில் ஒரு திமிரும் இல்லை. தொட்டார். தாலி கட்டி முடிந்ததும் லீலாவதி ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுந்தாள். "தீர்க்க சுமங்கலியா இரு," என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் எப்போதும் சொல்வதுதானே.

வள்ளியம்மாவின் காலில் விழுந்தாள். அவர் அட்சதையைக் கையில் எடுத்தார். "தீர்க்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது, ஆகவே கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. லீலாவதியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"தெனமும் பொழுது சாஞ்சா ஒம் புருசன் வீடு வந்து சேரணும், கண்ணு," என்றார்.