தலையாட்டினால் சம்மதமா?

"நிறுத்துங்கடா வண்டியை!"

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே ஆபரேஷன் தியேட்டர் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள் அம்மா. ஸ்ட்ரெச்சர் குலுங்கி நின்றது. தள்ளிவந்த ஊழியர் இரண்டடி பின்வாங்கினார். அம்மா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது உடம்புக்குத்தான் ஏறியிருந்தது, குரலுக்கு இல்லை.

மகன் ஓடிவந்தான். "என்னம்மா கலாட்டா? டயாலிசிஸுக்காகக் கையில ரத்தக்குழாயை இணைக்கப்போறாங்க. சின்ன ஆபரேஷன்தான்."

"யார் கையில?"

"உன் கையிலதான்."

நர்ஸ் சற்றுமுன் பேனாவால் நீலக் கோடு போட்ட கையை அம்மா தூக்கிக் காட்டினாள். "அப்ப என்கிட்டதானடா கேக்கணும்? போற இடம் கேக்காம ஒருத்தருக்கும் டிக்கெட் கிழிச்சதில்ல நான்."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "போன தடவையே எல்லாம் விளக்கினேனேம்மா?"

"யாருக்குத் தம்பி?"

டாக்டரின் பார்வை தானாக மகன் பக்கம் போய், தயங்கித் திரும்பியது. முக்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"மூணு வழி இருக்கும்மா. வாரத்துல மூணு நாள் இங்க வந்து மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிறது ஒண்ணு; இந்தக் கை ஆபரேஷன் அதுக்குத்தான். வயித்துல குழாய் வெச்சு, வீட்டிலேயே தினமும் திரவத்தை மாத்திக்கிறது இன்னொண்ணு. டயாலிசிஸே வேணாம்னா, மருந்தால அவஸ்தையைக் குறைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம். ஆனா அதுல ஆயுசு குறையலாம்."

"அதையெல்லாம் ஏன் சார் சொல்றீங்க?" மகனின் குரல் உடைந்தது.

"அழாதடா கண்ணு. அவர் சொல்லட்டும்." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. காலையில நான் பேப்பர் படிச்சுக் காட்டலேன்னா, நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பார். திரவம் இறங்குறப்ப படிக்கலாமா?"

"தாராளமா."

"அப்ப அந்த வண்டியில ஏத்திவிடுங்க. முடியலேன்னா நடுவுல இறங்கிக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும்." டாக்டர் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "தப்பு என்னுதும்மா. உடம்பு யாருதோ, முடிவும் அவங்களுது. வயசானவங்கன்னு பிள்ளைகிட்ட மட்டும் பேசி முடிக்கிறது வைத்தியமே இல்ல. ஆனா, ஒண்ணு கேக்கணும். நான் பேசினப்பல்லாம் தலையாட்டினீங்களே, ஏன்?"

அம்மா காதுக்குப் பின்னால் இருந்த சின்னக் கருவியைத் தட்டிக் காட்டினாள்.

"நீங்க இவன் மூஞ்சியைப் பார்த்துத்தான பேசுனீங்க? எனக்கில்லாத பேச்சுக்கு எதுக்குப் பேட்டரி செலவுன்னு இதை அணைச்சு வெச்சிருந்தேன். என் பக்கம் நீங்க திரும்புறப்ப மட்டும், மரியாதைக்குத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினேன்!"