கிராம்பு குத்திய ஆரஞ்சு

இன்னொரு கிராம்பும் காம்போடு ஒடிந்தது. அவள் விடுவதாக இல்லை. தடித்த தையல் ஊசியை எடுத்து ஆரஞ்சின் தோலில் முதலில் துளை போட்டாள், அதற்குள் கிராம்பைச் செருகினாள். இந்த முறை வழுக்கிக்கொண்டு இறங்கியது. சாறு தெறித்து விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் பட்டது. எரிந்தால் எரியட்டும் என்று அடுத்த துளையைப் போட்டாள்.

அடுப்பில் சின்னத் தீயில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, தண்ணீர், வேறொன்றும் இல்லை. கடையில் வாங்கிய வாசனை ஸ்ப்ரேயை முதல் நாளே குப்பைக்கூடையில் போட்டாயிற்று. அதை அடித்ததும் கட்டிலில் கிடந்த கணவர் இருமி இருமிக் கன்னத்துப் புண்ணில் ரத்தம் கசிந்ததுதான் மிச்சம்.

"வீடு பேக்கரி மாதிரி இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார். "நர்ஸ்தான் வாடை வராம காயத்துக்குப் பொடி போட்டுக் கட்டிட்டுப் போறாங்களே. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"உங்கண்ணன் திரும்பிப் படுக்கணும்."

நாத்தனார் ஒரு ஆரஞ்சை எடுத்துத் துளை போட ஆரம்பித்தாள்.

அவர் சலூன்காரர். கன்னத்தில் வந்த கட்டி உடைந்து புண்ணானதும் மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றோ நாளையோ என்று நர்ஸ் காலையில்தான் காதோடு சொல்லிவிட்டுப் போனார். புண் வாடை அடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஆயுள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு மேல் குனிந்து வேலை செய்தவர். வாடிக்கையாளர் முகத்தில் தன் மூச்சுப் படக்கூடாது என்பது அவருடைய சட்டம். மதியம் பச்சை வெங்காயம் தொடமாட்டார், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். கடையை மூடியும் சட்டத்தை மட்டும் விடவில்லை. பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டு மறுபக்கம் போய் நின்று பார்த்தாள், அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தில் கட்டிலைப் பழையபடி சுவரோடு தள்ளிவிட்டாள்.

போகிறவரின் முகத்தைப் பார்க்காமல் அனுப்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். முதுகைப் பார்த்து விடைகொடுக்கவா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தாள்?

கிராம்பு குத்திய ஆரஞ்சுகளைக் கட்டில் தலைமாட்டிலும் ஜன்னலிலும் வைத்தாள். ஆவி பறக்கும் பாத்திரத்தை அறை மூலையில் இறக்கினாள். அறை மணத்தது.

"வாடையே இல்லைங்க. திரும்புங்க."

அவர் சுவரிடம் ஏதோ முனகினார். அந்தப் பேச்சு இப்போது அவள் ஒருத்திக்குத்தான் விளங்கும். 'என் மூக்குதான் செத்துப்போச்சே. நான் வருத்தப்படக் கூடாதுன்னு நீ பொய் சொல்றே.'

அதுவும் நியாயம்தான். அவள் தபால்காரருக்குப் போன் போட்டாள். அவர் பழைய வாடிக்கையாளர், பூசி மெழுகத் தெரியாதவர். புது லோஷன் மூட்டைப்பூச்சி மருந்து மாதிரி நாறுகிறது என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொன்னவர். அவர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்?

தபால்காரர் உடனே வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து காதருகே குனிந்தார்.

"என்ன மாஸ்டர், ரூமே கமகமன்னு இருக்கு! நம்ம கடையில ஒருநாளாவது இப்படி மணந்திருக்கா?"

முதுகு அசையவில்லை. முனகல் மட்டும் வந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"நீங்க வந்ததுல சந்தோஷமாம்," என்றாள். அவர் சொன்னது அதுவல்ல. 'மூச்சை அடக்கிட்டுப் பேசறான்' என்றார்.

வாசலில் தபால்காரரை மறித்துக்கொண்டாள்.

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. உள்ள வாடை அடிக்குதா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப எதுக்கு மூச்சை அடக்குனீங்க?"

"நானா?" திருதிருவென்று விழித்தார். பிறகு கை தானாகக் கழுத்துக்குப் போனது. "அட, ஆமா. அடக்குனேன். வாடைக்கு இல்லம்மா. இத்தனை வருஷமா அவரு கத்திக்குக் கழுத்தைக் குடுத்தவன். அவரு முகம் கிட்ட வந்தாலே மூச்சு நின்னுடும். அசைஞ்சா கீறிடும்ல?"

அவளுக்கு முதலில் ஆத்திரம், அப்புறம் சிரிப்பு. போயும் போயும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவரையா சாட்சிக்குக் கூட்டிவந்தாள்! வந்து பார்க்கிற ஆண்கள் எல்லாருமே அப்படித்தான். அவர் கத்திக்கு உட்காராத கழுத்து வேண்டும் என்றால் வீட்டில் அது அவளுடையதுதான்.

நேராக உள்ளே போனாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவருடைய வலது கையைப் பின்னாலிருந்து எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கன்னத்துக்கு வெகு அருகில் குனிந்தாள்.

"ஊருல பாதி தொண்டை உங்களுக்குத் தெரியும். அடக்கறேனா, விடறேனா, நீங்களே பாருங்க."

கை குச்சியாகிவிட்டிருந்தது. ஆனால் விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. கட்டைவிரல் தாடைக்கு அடியில் போனது, மற்றவை குரல்வளையின் பக்கவாட்டில் அமர்ந்தன. அவள் மூச்சை இழுத்து விட்டாள். ஆரஞ்சு, பட்டை, கிராம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் லேசாகப் புண்ணின் வாடையும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். மறுபடி இழுத்தாள், அவசரமில்லாமல் விட்டாள்.

விரல்கள் சந்தேகத்தோடு காத்திருந்தன.

"எச்சில் முழுங்கு," என்றார்.

முழுங்கினாள். குமட்டாமல் இறங்கியது.

"ம்."

முதலில் தோள் புரண்டது, பிறகு தலை. நாத்தனார் கதவருகே புடவை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. மீதிப் பாதியில் வெள்ளைத் தாடி. கண் மட்டும் அதே கண். அது அவள் முகத்தைச் சுற்றி வந்து நெற்றிக்கு மேலே நின்றது.

"யாரு வெட்டினது? முன்முடி கோணல்."

"நானேதான்."

"தெரியுது."

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போன பிற்பகலில் அவர் மூச்சு விட்டு விட்டு வந்து, பிறகு வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். கண்களை அவளே மூடினாள்.

அக்கம்பக்கத்தார் கூடத்தில் சேர ஆரம்பித்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே வந்து தலையணையைச் சரிசெய்தாள்.

"தலையை நேரா வச்சிடலாமா அண்ணி? கழுத்து விறைச்சுட்டா அப்புறம் திருப்ப முடியாது."

"விறைக்கட்டும்," என்றாள் அவள். "நாற்காலியெல்லாம் இந்தப் பக்கம் போடு."