அசையாத மேகம்

மலை உச்சியில் இருந்த காற்றுமானி போன வாரமே மண்டையைப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து ரோப் கார் ஆபரேட்டர் மேகத்தைப் பார்த்துத்தான் காற்றைக் கணக்கிட்டார். மேகம் முதல் கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பத்தைக் கடக்க நாற்பது எண்ணுவதற்கு மேல் ஆனால் வண்டி போகும். இருபதுக்குள் கடந்துவிட்டால் யார் தலைகீழாக நின்றாலும் போகாது.

அன்று காலை மலைக்கு மேல் ஒரே ஒரு மேகம், கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி. முந்நூறு வரை எண்ணிப் பார்த்தார். இம்மி நகரவில்லை.

"காத்தே இல்ல, ஏறிக்கோம்மா" என்றார் மகளிடம். மேலே இருக்கும் விடுதியில் ஒன்பது மணிக்கு அவளுக்கு நேர்காணல். எட்டு மாதம் நாயாய் அலைந்து கிடைத்த அழைப்பு. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

டிக்கெட் கொடுக்கும் அக்கா, ஆபரேட்டரின் கூடப்பிறந்தவள், டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாள். "டேய், அந்த மேகத்தை நல்லாப் பாரு. இந்தப் பக்கம் புதுசா முளைக்குது, அந்தப் பக்கம் கரையுது."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? அது நகருதா, இல்லையா?"

"கெட்டில் மூக்குல ஆவி அதே இடத்துலதான் நிக்குது. அதுக்காக அது ஒரே ஆவியா? காத்து மலைமேல ஏறும்போது குளுந்து மேகமாகுது, அந்தாண்ட இறங்கும்போது கரைஞ்சுடுது. மேகம்தான்டா நிக்குது, காத்து பிச்சுக்கிட்டுப் போகுது!"

"பெரிய விஞ்ஞானி!" என்றார். ஆனாலும் மேகத்தின் ஓரங்களை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"அப்பா, மணி எட்டரை!"

"இறங்கு. முதல்ல காலியா விட்டுப் பாக்கறேன்."

"எனக்கு வேலை கிடைச்சா உங்களுக்குப் பிடிக்காதா?" என்று அழுதுகொண்டே இறங்கினாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காலிப் பெட்டியை மேலே விட்டார்.

இரண்டு கம்பம் வரை சமத்தாகப் போனது. மரங்களைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம். மூன்றாவது கம்பத்தில் மோதிக் கதவு பிய்ந்து விழுந்தது. சத்தம் கீழே வர ஒரு நொடி ஆனது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நெம்புகோலைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. அக்காதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நான்தான் ஏத்தினேன்க்கா, என் கையால ஏத்தினேன்" என்று குழந்தை மாதிரி அழுதார்.

மகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேர்காணலைப் பற்றி அவள் பேசவே இல்லை. மேலே அந்த மேகம் அப்படியேதான் நின்றது.