திருநீறு இல்லாத நெற்றி

ஒரு குவாண்டம் துகளை எவ்வளவுதான் பொத்தி வைத்தாலும் அதன் செய்தி வெளியே கசிந்துவிடும். உரசிப் போகும் காற்று, பட்டுத் திரும்பும் ஒளி, எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போகும். துகளைத் தொடவே வேண்டாம். சுற்றியிருப்பவற்றைப் படித்தாலே அதன் கதை தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் சாந்தினி ஆராய்வது இதைத்தான். அப்படிப்பட்டவள்தான், ஈப்போ மருத்துவமனையில் படுத்திருந்த அம்மாவிடம் ஒரு சாவை மறைத்துவிடலாம் என்று நம்பினாள்.

அம்மா மங்களத்துக்கு இதய அறுவை சிகிச்சை. அவளைப் பார்க்க ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிய மகன் சுரேன், தாப்பா அருகே விபத்தில் போய்விட்டான். அதிர்ச்சியான எதையும் இப்போது சொல்லக்கூடாது என்றார் டாக்டர். சித்தப்பா கனகராஜ் சொந்தபந்தம் அத்தனை பேர் வாய்க்கும் பூட்டுப் போட்டார். லீவு கிடைத்ததும் சுரேன் வருவான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தார்கள். நேற்றுப் புந்தோங் சுடுகாட்டில் தகனமும் முடிந்தது.

விபத்துக்குப் பிறகு இன்று காலைதான் சித்தப்பா மைலோ பிளாஸ்க்கும் ஒட்டவைத்த சிரிப்புமாக வந்தார்.

"அண்ணி, இன்னிக்கு முகம் தெளிவா இருக்குலா."

மங்களம் அவர் நெற்றியைப் பார்த்தாள். ரப்பர் மரங்களும் ஆட்களும் போனபின்பும் அவர்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. தினமும் அங்கே போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறும் கையில் அண்ணிக்கு ஒரு திருநீற்றுப் பொட்டலமுமாகத்தான் அவர் வருவார். இன்று இரண்டும் இல்லை. கூசாமல் பொய் சொல்ல முடிந்த மனிதருக்குத் தீட்டோடு கோயில் படி ஏற மட்டும் மனம் வரவில்லை.

"கோயிலுக்குப் போவலியா, தம்பி?"

"நேரமாயிருச்சு, அண்ணி. வேலைக்குப் போவணும், லோரி காத்துக்கிட்டு இருக்கு."

அவர் போனார். மங்களம் படுக்கையருகே நின்ற மகளைப் பார்த்தாள்.

"நம்ம பங்காளிங்கள்ல யாரோ போயிட்டாங்க. எல்லாரும் என்னைய வந்து பாத்துட்டாங்க. ஒருத்தன்தான் வரல." மகளின் கையைப் பிடித்தாள். "சுரேனா?"

சாந்தினி ஆமென்று தலையாட்டினாள்.

"எரிச்சாச்சா?"

"நேத்தும்மா."

 மங்களம் தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். "எம்புள்ள முகத்த நான் பாக்க வேணாமா? ஒங்களுக்கு யாரு இந்த அதிகாரத்தக் குடுத்தா?"

சாந்தினிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. எந்தச் செய்தியும் அழிவதில்லை, எங்கெங்கோ பரவித்தான் போகிறது என்று அவள் ஆயிரம் முறை எழுதியிருக்கிறாள். தம்பியின் முகத்தை அம்மாவுக்கு இனி எங்கிருந்து சேர்த்துக் கொடுப்பது?

"அவன் நெத்தியில யாரு திருநீறு பூசுனா?"

"நான்தாம்மா. ஒங்க தலகாணிக்கு அடியில இருந்த பொட்டலத்த எடுத்துட்டுப் போனேன்."

மங்களத்தின் கை தலையணைக்கு அடியில் போய்த் துழாவிவிட்டு வெறுமையாகத் திரும்பியது.

"அவன் வந்தா பூசிவிடலாம்னுதான் அத வச்சிருந்தேன்" என்றாள்.