முக்கால் டஜன்

மூன்றாவது ஊக்கைக் குத்தும்போது மாமியாரின் கை நின்றுவிட்டது. மருமகள் கட்டிலோரத்தில் மண்டியிட்டு, தான் போட்டிருந்த பனியனின் மேல் வைத்த ஓட்டப்பந்தய நம்பர் அட்டை நழுவாமல் பிடித்தபடி காத்திருந்தாள். மாமியாரின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். மணிக்கட்டில் ஊசி போட்டுப் போட்டுக் கறுத்த திட்டுகள். கண்கள் மட்டும் நம்பரின் மேல்விளிம்பையே அளந்துகொண்டிருந்தன.

"கோணல்," என்றாள் மாமியார். "இடது பக்கம் அரை இஞ்ச் ஏறியிருக்கு. எடு, மறுபடி குத்தணும்."

"நேரமாச்சு அத்தை. அஞ்சரைக்கு ஆரம்பிச்சிருவாங்க."

"கோணலா குத்திக்கிட்டுப் போனா என் மானம்ல போகுது."

சட்டை தைக்கும் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவள் மாமியார். எதையும் டஜன் கணக்கில்தான் எண்ணுவாள். ஒரு பொத்தான் நூலிழை தள்ளியிருந்தாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போட்டுவிடுவாள். அந்தப் பழக்கத்தை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தாளா என்றால் அதுதான் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளின் சமையல், பேச்சு, துணி உலர்த்தும் விதம் எல்லாமே ரிஜெக்ட். மாதக்கணக்கில் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுண்டு. சும்மா சொல்லக்கூடாது, மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது பேரை மேய்க்கிறவள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதயம் பழுதாகி மாமியார் படுக்கையில் விழுந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு விரிப்பு மாற்றியபின் மருமகளுக்குத் தூக்கம் வராது. "என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதே, எங்கயாவது போய் நடந்துட்டு வா" என்று விரட்டியது மாமியார்தான். நடை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமானது. திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். "இன்னிக்கு எத்தனை கம்பம்?" ஓடிக் கடந்த தெருவிளக்குக் கம்பங்களை எண்ணிச் சொல்ல வேண்டும். நேற்றைவிட ஒன்று குறைந்தாலும் போச்சு.

அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருப்பதாகச் சொன்னபோது, "அரையா? பாதியில விட்டா வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவே, பஸ்லயா?" என்றாள். முழுசாக இருபத்தோரு கிலோமீட்டர் என்று கேட்டதும் வாயைப் பிளந்தாள். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ முதல்ல வரணும்னு நான் கேக்கல. கடைசியா மட்டும் வந்து தொலைக்காதே. உனக்குப் பின்னாடி எத்தனை பேருன்னு எண்ணி வந்து எங்கிட்ட சொல்லணும்."

அது நான்கு மாதத்துக்கு முந்தைய பேச்சு. நேற்று வந்து பார்த்த டாக்டர், மகனை வாசலுக்கு அழைத்துப்போய், இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

இப்போது அந்த நாத்தனார்தான் கதவை மறித்தாற்போல் நின்றாள். "நெஜமாவே போறீங்களா அண்ணி? அம்மா இப்படிக் கெடக்கும்போது? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

மருமகள் குனிந்து ஷூ நாடாவை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதே கேள்வியைத்தான் ராத்திரி முழுக்க அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவங்களையும் இவ பின்னாடி ஓடி வரச் சொல்லு. எண்ணிக்கையில சேத்துக்கலாம்."

கணவன் சிரித்துவிட்டான். இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. "போயிட்டு வா. நான் இருக்கேன்ல" என்றான்.

மருமகள் குனிந்து, "நான் வர்ற வரைக்கும் இருக்கணும் அத்தை" என்றாள்.

"அது என் கையில இல்ல," என்றாள் மாமியார். "உன் கால்லதான் இருக்கு. கெளம்பு."

முதல் ஐந்து கிலோமீட்டரும் கூட்டமே அவளைத் தள்ளிக்கொண்டு போனது. இடுப்புப் பையில் போன் இருந்தது. அது அதிரக்கூடாது, அதிரக்கூடாது என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டாள். பாலத்தைத் தாண்டிப் பாதி தூரத்தில் சாலை திரும்பியது. இனி எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள். எண்ண ஆரம்பித்தாள். கடைசி ஆளுக்குப் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஊர்ந்து வந்தது. வண்டிக்கு முன்னால் மொத்தம் இருபத்தாறு பேர். இரண்டு டஜனுக்கு மேலும் இரண்டு!

அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றாலே வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்தவள். நாற்பத்தைந்து வயதில் இருபத்தாறு பேரைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறாள். அடடா, இதை அத்தையிடம் இப்போதே சொன்னால் எப்படி இருக்கும்!

பதிமூன்றாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது வினை. ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். பின்னாலேயே ஒரே நிறச் சட்டை போட்ட எட்டுப் பேர். அதற்குப் பிறகு எழுபது வயதுக்காரர் ஒருவர், போகிறபோக்கில் "வாங்கம்மா, வாங்க" என்று உபசரித்துவிட்டு வேறு போனார். ஒவ்வொரு தலைக்கும் மனதில் ஒன்று கழிந்தது. இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. பதினேழாவது கிலோமீட்டரில் எண்ணிக்கை பதினொன்றுக்கு இறங்கியிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது.

நாத்தனார். மருமகள், நின்றால் விழுந்துவிடுவோம் என்று நடந்துகொண்டே எடுத்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"பதினேழுல. அத்தைக்கு என்ன? சொல்லு, என்ன?"

"கண்ணைத் திறக்க மாட்டேங்கிறாங்க. மூச்சு விட்டு விட்டு வருது." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கேட்டாங்க அண்ணி. எத்தனை பேருன்னு கேக்கச் சொன்னாங்க."

மருமகளுக்கு அழுகையும் மூச்சிரைப்பும் ஒன்றாக வந்தன. "பதினொண்ணு. ரெண்டு டஜன் இருந்துச்சு, எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. என்னால முடியல. வண்டியில ஏறி வந்துரட்டுமா? அத்தையைப் பார்த்துட்டாப் போதும்."

"அதெல்லாம் வரக்கூடாது!" நாத்தனார் போனே வெடித்துவிடும்போல் கத்தினாள். "வண்டியில வந்து அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க? உங்ககூட என்ன பேச்சு, போனை வைங்க! ஓடுங்க அண்ணி!"

ஓடினாள். அதை ஓட்டம் என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நிற்கவில்லை. பத்தொன்பதில் இருவர் தாண்டினார்கள், இருபதில் ஒருவர். பாக்கி எட்டு. மஞ்சள் விளக்கு வண்டியின் உறுமல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது, பதினைந்தாவது கிலோமீட்டரில் தன்னைத் தாண்டிப்போன சிவப்புச் சட்டைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோட்டைத் தொட்டபோது யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். நின்று அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. சலவைக்கூடத்துத் தோழி தன் ஸ்கூட்டரைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தாள்.

இரண்டு மாடிப் படிகளையும் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறினாள். கதவு திறந்திருந்தது. கணவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது. ஆனால் அடுத்தது வந்தது. வந்துகொண்டிருந்தது.

"அம்மா, அண்ணி வந்துட்டாங்கம்மா," என்றாள் நாத்தனார்.

மருமகளுக்கு முழங்கால் மடங்கவில்லை. கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். அவளுடைய வியர்வை மாமியாரின் தலையணையில் சொட்டியது.

"அத்தை. ஒன்பது பேர். எனக்குப் பின்னாடி ஒன்பது பேர். நான் கடைசி இல்ல அத்தை."

அசைவில்லை. மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது மாமியாரின் உதடு அசைந்தது. நாத்தனார் பாய்ந்துபோய் வாயருகில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் கலந்து கிடந்தன.

"முக்கால் டஜனாம்," என்றாள்.

பத்து நாற்பதுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. மூன்று பேரும் அதற்காகக் காத்திருந்துவிட்டு அழுதார்கள். மருமகள் வாய்விட்டு அழுதாள். பத்தொன்பது வருஷம் சண்டை போட்டதற்கும், இனிமேல் சண்டைக்கு ஆளில்லை என்பதற்கும் சேர்த்து அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள்ளேயே ஒரு பெருமிதம் நிமிர்ந்து நின்றது. வந்து சேர்ந்துவிட்டாள், சொல்லிவிட்டாள். அந்தப் பெருமிதத்துக்காக அவள் வெட்கப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கீழே உட்கார முடியாமல் மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "பாவம், ஒடஞ்சு போயிட்டா" என்று ஆளுக்கொரு பக்கம் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

நாத்தனார் உறவுக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். முதல் போனில் ஒன்பது பேர் என்றுதான் சொன்னாள். நாலாவது போனில் அது ஒரு டஜன் ஆயிற்று. ஏழாவது போன் பேசிக்கொண்டே வந்தவளின் கண்ணில் அண்ணியின் வீங்கிப்போன கால்கள் பட்டன. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இறுகிப்போயிருந்த ஷூ முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள்.

"ஆமா சித்தி, பத்து நாப்பதுக்கு. கஷ்டப்படல. அண்ணி பக்கத்துலதான் இருந்தாங்க. காலைல இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தாங்க. ஆமா, ஓடித்தான். சும்மா இல்ல சித்தி, ரெண்டு டஜன் பேரு அண்ணிக்குப் பின்னாடி!"

மருமகள் திருத்தவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மற்றக் காலை நீட்டினாள்.