படிக்க மட்டும்

எதை எவர் உண்டாக்கினாரோ அது அவருக்கே சொந்தம் என்பது மனித நாகரிகத்தின் அஸ்திவாரம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்துக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அங்கே மருந்துக்கடைக் கவர், செருப்புக்கடைப் பை, பிஸ்கட் பெட்டி என்று சகலத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்தவள் டிசைனர் அக்கா. அன்று பிஸ்கட் பெட்டியில் ஒரு ஃபோன் நம்பரை மாற்ற உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் புதிது; திரையே ஜன்னல் அகலம். பழைய டிசைன் ஒரு குறையில்லாமல் திறந்தது. நம்பரை மாற்றி சேவ் கொடுத்தாள். ‘இந்தக் கோப்பு படிக்க மட்டும்’ என்று ஒரு சின்னப் பெட்டி எழுந்து வழி மறித்தது. செருப்புக்கடையைத் திறந்தாள். அதற்கும் அதே பெட்டி. வேறு இடத்தில் சேமித்தால் ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து திறந்தால் பிஸ்கட் படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம்தான் இருந்தது.

விஷயம் முதலாளியின் அறைக்குப் போனது. அவர் வந்து, திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். போன வாரம்தான் அவள் லீவு கேட்டிருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம், வெளியூர், மாமியார் இல்லாத வீடு. நாள் நெருங்கிவிட்டது. முதலாளியும் தலையை ஆட்டியிருந்தார்.

“ஏம்மா, நீ இல்லாதப்ப வேற யாரும் தொடக்கூடாதுன்னு பூட்டு கீட்டு போட்டு வச்சிருக்கியா?”

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்படிப் பூட்டத் தெரிந்திருந்தால் முதலில் தன் டிபன் பாக்ஸைப் பூட்டியிருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இல்லை சார் என்று மட்டும் சொன்னாள். இது சரியாகாமல் ஊருக்குக் கிளம்பும் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சரிசெய்ய வந்தவர் முதலாளியின் மைத்துனர். முதலாளி மச்சான் மச்சான் என்று கூப்பிடக் கூப்பிட, அச்சகத்துக்கே அவர் மச்சானாகிவிட்டார். புதுக் கம்ப்யூட்டரை வாங்கி வந்து, பழையதில் இருந்ததை இதில் கொட்டியதும் அவர்தான். அணைத்துப் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஃபோல்டரின் மேல் ‘படிக்க மட்டும்’ என்ற கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டார். மூடித் திறந்தால் குறி பழையபடி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

“விருந்துக்கு வந்துட்டுப் போக மாட்டேங்குது,” என்றான் பேப்பர் வெட்டும் கட்டிங் தம்பி, மச்சானைப் பார்க்காமல்.

மச்சான் இது வைரஸ் என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மகள் ஃபோன் செய்தாள். இடுப்பு லேசாக வலிக்கிறதாம், டாக்டர் இன்னும் நேரமிருக்கிறது என்றாராம். “எப்பம்மா வர்றே?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே, “பரவால்ல, வேலைய முடிச்சிட்டே வா,” என்றாள். அந்தப் ‘பரவால்ல’தான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

முன்பு பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்து, பெரிய அச்சகத்துக்குப் போய்விட்ட தோழியைக் கூப்பிட்டாள். ஃபைலின் சொந்தக்காரர் யார் என்று போட்டிருக்கும், அதைப் பார் என்றாள் தோழி. பார்த்தாள். ஒவ்வொன்றிலும் முதலாளியின் பெயர். புதுக் கம்ப்யூட்டர் தன் பேரில்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி அவரே பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவிட, மச்சான் அவர் பேரில் நுழைந்தே எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். அவள் பேருக்கு ‘ஊழியர்’ என்று ஒரு கதவு. அதன் வழியே எட்டிப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. முதலாளி உள்ளே நுழைந்து ஓர் அனுமதி கொடுத்தால் முடிந்தது.

முதலாளி உடனே வரவில்லை. பாஸ்வேர்டு என்பது கையெழுத்து மாதிரி, நினைத்தபோதெல்லாம் போடுகிற சமாச்சாரமல்ல என்றார். பார்ட்டி ஒன்றைப் பார்க்கக் கிளம்பினார். மறுநாளும் அதே கையெழுத்துக் கதை. மூன்றாம் நாள் பிஸ்கட் கம்பெனி ஆள் வந்து வாசலில் நின்றுகொண்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் மச்சான், கட்டிங் தம்பி, பிஸ்கட் ஆள். விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வாய்ப்பாடு மறந்த நாட்களில் மகளின் உதடும் இப்படித்தான் அசையும்.

எல்லாரும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் பாக்கல சார். நிதானமா போடுங்க.”

தட்டும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம்.

“மறந்துபோச்சும்மா,” என்றார். தாழ்ந்த குரலில், பக்கத்து வீட்டு ஆள் மாதிரி.

தப்பாகப் போட்டால் கீழே ஒரு குறிப்பு வரும், நீங்கள் எழுதி வைத்ததுதான், அது என்ன சொல்கிறது என்று கேட்டாள். அவர் தயங்கி வாசித்தார்: “எனக்குத் தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை. சுவரில் காலண்டர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பேருதானே சார் போட்டீங்க?”

“பேருதாம்மா. வர மாட்டேங்குது.”

விசிட்டிங் கார்டு முதல் பில் புத்தகம் வரை அவர் பேரை அவள்தான் எத்தனையோ முறை அடித்திருக்கிறாள். சின்ன எழுத்து விலாசத்துக்கு, முதலாளி பேருக்கு அல்ல என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“எல்லாத்தையும் கேப்பிட்டல்ல போட்டுப் பாருங்க சார்.”

கம்ப்யூட்டர் ‘நல்வரவு’ என்று சத்தம் கொடுத்தது. அனுமதி கொடுக்கும் இடத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். பிஸ்கட் பெட்டியில் புது நம்பர் ஏறியது. கதவைத் திறந்ததும், செட்டிங்கில் சின்னக் கோளாறு, நானே பார்த்துவிட்டேன் என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னார். அவளைத் திரும்பிப் பார்த்து, “கெளம்பும்மா, புள்ள காத்துக்கிட்டிருக்கும்,” என்றார். அந்தக் குரல் நிஜமாகவே நன்றாக இருந்தது. அவள் போனதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். ஊழியருக்குத் தெரிந்தது எப்படி பாஸ்வேர்டு ஆகும்?

பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. பேத்தி அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டாள். மகள் ஒரு கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். கடை திறக்கும் நேரத்துக்கு ஃபோன் வந்தது. குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டு, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் நடைவழிக்கு வந்தாள். முதலாளி ரகசியமாகப் பேசினார். பிறந்தது என்ன, சுகமா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் புதுசும் வரலம்மா,” என்றார்.

“பேருக்குப் பின்னாடி உங்க வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க சார்.”

திறந்தது. அதையும் மாற்றிவிட்டு மறுநாள் காலையிலும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும்.

அவளுக்குக் கொடுத்திருந்தது சம்பளமில்லாத லீவு.