பரிவட்டத்தில் ஏறிய பூச்சி

ரப்பர் விலை விழுந்து, மலாய் நாட்டு லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவுகிற வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கிப்போன வருஷம் அது. கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் கொடுத்து, எதையாவது நட்டுப் பிழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் துரை. கருப்பாயி மிளகாய் நட்டாள். மீதி நாலு நாள் அவள் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கொல்லையை நம்பித்தான்.

அதற்கு இப்போது ஆபத்து. தளிரெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பி, இலை சுருண்டுகொண்டது.

பார்க்க வந்தவர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தம்பிராஜா. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவரே தலைவர். திருவிழாவின் முதல் நாள் பூசாரி அவர் தலையில் மஞ்சள் பட்டுப் பரிவட்டம் கட்டினார். பூசை முடிகிற வரைக்கும் என்றுதான் கட்டினார். கிராணியோ எட்டு நாளாகியும் அவிழ்க்கவில்லை. ஆபீசுக்கும் அதோடுதான் போனார். குளிக்கும்போது என்ன செய்தார் என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

தீ மிதிக்க நேர்ந்துகொண்ட கருப்பாயியும் அந்த எட்டு நாளாக மஞ்சளில் நனைத்த சேலையோடுதான் இருந்தாள். கொல்லையில் குனிந்தால் போதும், சேலை பூராவும் அசுவினி வந்து உட்கார்ந்தது. கிராணிக்கு அது போதுமாயிருந்தது.

"பூச்சி முழுக்க உன்ர சீலையிலதான் குடியிருக்கு. விரதத்தில என்ன பிழை விட்டியோ, அம்மாள் காட்டித் தாறா."

வெள்ளிக்கிழமை விவசாய இலாகா ஆள் வருகிறார், கொல்லையைப் பிடுங்கி எரிக்க உத்தரவு வாங்கிவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என்ன பிழை விட்டோம் என்று கருப்பாயி யோசித்து யோசித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையைக் கொஞ்சம் ஆசையாக முகர்ந்ததைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

இலாகா ஆள் சாம்பசிவம் சொன்னபடி வந்தார். கிராணி தயாரித்து வைத்திருந்த வரவேற்புரையைப் பாதியில் விட்டுவிட்டு, மண்ணில் முட்டி போட்டு இலையைத் திருப்பிப் பார்த்தார். வரப்போரம் வெட்டுப்பட்டு நின்ற செடிகள் என்ன என்று கேட்டார்.

"செண்டுமல்லிங்க ஐயா. திருவிழா மொத நாளு கோயிலுக்குன்னு கிராணி ஐயா எல்லாத்தையும் வெட்டச் சொன்னாங்க."

அதில் பூச்சி இருந்ததா என்றார்.

"பூவு பூரா இருந்துச்சுங்க. அப்ப மொளகாயில அவ்வளவா இல்ல."

கிராணி குறுக்கே புகுந்து, விரதம், ஆசாரம், கூலிப் பெண்களின் சுத்தக் குறைவு என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். சாம்பசிவம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். பரிவட்டத்தில் எள்ளைத் தூவினாற்போல் அசுவினி.

"கொஞ்சம் குனியுங்கோ," என்று ஒன்றை விரலில் எடுத்துக் காட்டினார். "இது விரதம் பாக்கிறேல்லை. மஞ்சளைக் கண்டால் தளிர் எண்டு நினைச்சு இறங்கும். குத்திப் பாத்து, சாறு பிடிக்காட்டித்தான் எழும்பும். பூ இருந்தவரைக்கும் அதில கிடந்தது, அதை வெட்டினாப் பிறகுதான் மிளகாய்க்கு வந்தது. பூவும் மஞ்சள், சீலையும் மஞ்சள்..."

மூன்றாவதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. கிராணி தாமே அவிழ்த்தார். பரிவட்டம் இல்லாத தலையில் நாலு நரைமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அடுத்த ஆள்குறைப்பில் தன் பெயரும் வருமோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாதான் அங்கே நின்றார். கருப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

பிடுங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார் சாம்பசிவம். மலாய்க்காரர்கள் மீன் பிடிக்க ஆற்றில் இடித்துப் போடும் தூபா வேரைச் சோப்புத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். மூலையில் ஒரு மஞ்சள் துணியில் எண்ணெய் தடவிக் கட்டினால் பறந்து வருவது அதில் ஒட்டிக்கொள்ளும் என்றார். கிராணியின் கை பரிவட்டத்தைச் சட்டைப் பைக்குள் அவசரமாகத் திணித்தது.

"ஞாயித்துக்கெழம தீ மிதிச்சிட்டேன்னா இந்தச் சீல சும்மாதாங்க கெடக்கும்," என்றாள் கருப்பாயி. "அதுவரைக்கும் கொல்லை நடுவுல நானே நிக்கிறேன்."

நின்றாள். திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சேலை நின்றது. மிளகாய் சுருளாமல் தளிர்த்தது. வெட்டுப்பட்ட செண்டுமல்லியும் மறுபடி பூத்தது. இந்தத் தடவை கோயிலுக்கென்று அந்தப் பூவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.